ஏழு மில்லிமீட்டர்

அக்காவின் கழுத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. தாலிச்சங்கிலிக்குச் சற்று மேலே, கழுத்து மடிப்போடு மடிப்பாக ஓடும் மெல்லிய கோடு. தெரியாதவர்கள் பார்த்தால் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குக் காரணம் நான்.

நான் வேலை பார்க்கும் நிறுவனம் ஊழியருக்கும் குடும்பத்தில் ஒருவருக்கும் வருடம் ஒருமுறை முழு உடல் பரிசோதனை இலவசமாகத் தருகிறது. மார்ச் 31க்குள் பயன்படுத்தாவிட்டால் போய்விடும். நான்கு வருடம் முன்பு, கடைசி வாரத்தில், வீணாகப் போகிறதே என்று மதுரையிலிருக்கும் அக்காவின் பெயரில் புக் செய்தேன். இலவசமாக வருவதை விடக்கூடாது என்பது எங்கள் வீட்டின் எழுதப்படாத சட்டம். அக்காவுக்கு அப்போது 41 வயது. ஒரு தொந்தரவும் கிடையாது. ரத்தம், சிறுநீர், இ.சி.ஜி., வயிற்று ஸ்கேன் எல்லாம் முடிந்து எழுந்தவளை, "மேடம், உங்க பேக்கேஜ்ல கழுத்தும் இருக்கு" என்று ஸ்கேன் எடுத்த பெண் மறுபடி படுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு நிமிட வேலை. தைராய்டு சுரப்பியின் வலது மடலில் 7 மி.மீ. அளவில் ஒரு கட்டி.

கடுகைவிடப் பெரியது, சுண்டைக்காயைவிடச் சிறியது. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பாப்பிலரி வகைப் புற்று என்று வந்தது. அந்த வார்த்தை வீட்டுக்குள் நுழைந்ததும் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. அம்மா மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். மாமா யாரிடமும் பேசவில்லை. அறுவை மருத்துவர் ஐந்து நிமிடம் பேசினார்: "பாதி எடுக்கலாம், முழுசாவும் எடுக்கலாம். முழுசா எடுத்துட்டா நிம்மதி." நிம்மதி யாருக்குத்தான் வேண்டாம்? முழுசாக எடுத்தார்கள்.

தைராய்டுக்குப் பின்புறம் பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டிக் காப்பது அவற்றின் வேலை. தைராய்டை எடுக்கும்போது அவற்றுக்கான ரத்த ஓட்டம் அறுபட்டால், அல்லது அவையும் சேர்ந்து வந்துவிட்டால், அந்த வேலையை மாத்திரைதான் செய்ய வேண்டும். அக்காவுக்கு அதுதான் ஆனது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்ஸின், பிறகு காபிக்கு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். தைராக்ஸினுக்கு நான்கு மணி நேரம் தள்ளிக் கால்சியம், இரவில் மறுபடி கால்சியம், கூடவே வைட்டமின் டி. ஒருநாள் மறந்தால் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல் நுனியில் எறும்பு ஊரும். ஊருக்குப் போனால் துணிக்கு முன்னால் மாத்திரை டப்பாவை எடுத்து வைக்கிறாள். சாகும்வரை இப்படித்தான்.

இதையெல்லாம் அக்கா குறையாகச் சொல்வதே இல்லை. சொந்தக்காரர்கள் வரும்போதெல்லாம் அவள் சொல்வது வேறு: "தம்பி மட்டும் அன்னைக்கு அதை புக் பண்ணலைன்னா நான் இன்னைக்கு இருந்திருக்கவே மாட்டேன்." எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தட்டைப் பார்ப்பேன்.

போன மாதம் போன் செய்தாள். மகளுக்கு 19 வயது ஆகிறது, கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கும் கழுத்து ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். "உன் பேக்கேஜ் இந்த வருஷம் சும்மாதானேடா கிடக்கு?" முடியாது என்றேன். நான்கு வருடத்தில் முதல்முறையாக எங்களுக்குள் சண்டை. அவளிடம் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவருக்குத் தைராய்டு ஸ்கேன் எடுப்பது பரிசோதனை அல்ல. இல்லாத நோயாளியை உற்பத்தி செய்யும் ஏற்பாடு. அதை முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் சேர்த்து விற்பது தவறு. தெரிந்தே விற்றால் தவறைவிட மோசம்.

ஏன் என்பதற்கு, உயிரோடு இருப்பவர்களிடமிருந்து அல்ல, இறந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும். 1985இல் பின்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. வேறு வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் பிரேதப் பரிசோதனையில் தைராய்டை எடுத்து, 2.5 மி.மீ. கனத்தில் துண்டு போட்டுப் பார்த்தார்கள். 36 பேரிடம் பாப்பிலரி புற்று இருந்தது. மூன்றில் ஒருவருக்கும் மேல்! பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாதவை. இன்னும் மெல்லியதாக வெட்டியிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்கும் என்பதே ஆய்வாளர்களின் கணிப்பு. அதாவது, இது நரைமுடியைப் போல. தேடினால் கிடைக்கும். நன்றாகத் தேடினால் நிறையக் கிடைக்கும். அந்த மனிதர்கள் அதோடு வாழ்ந்து, அதைப் பற்றித் தெரியாமல், வேறெதனாலோ போய்ச் சேர்ந்தார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். பத்து வருடமாக ஒழுங்காக ஓடும் நிரலின் மீது பிழை தேடும் கருவி ஒன்றை ஓடவிட்டால் மூவாயிரம் எச்சரிக்கைகள் கொட்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் எல்லாவற்றையும் திருத்தப் போவான். திருத்திய இடத்தில்தான் அடுத்த வாரம் உடையும். ஓடுகிறதைத் தொடாதே என்று அவனுக்குச் சொல்லித் தருகிறோம். நிரலையாவது பழைய வடிவத்துக்கு மீட்டுவிடலாம். அக்காவின் பாராதைராய்டை மீட்க முடியாது.

ஒரு நாடு முழுக்க இப்படித் தேடினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியா விடை வைத்திருக்கிறது. 1999இல் அங்கே அரசு, புற்றுநோய்களுக்கான தேசியப் பரிசோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அதில் கிடையாது. ஆனால் பரிசோதனைக்கென்று வந்து நிற்கும் ஆரோக்கியமானவர்களிடம், இன்னும் கொஞ்சம் காசு கொடுத்தால் கழுத்தையும் பார்த்துவிடலாம் என்று மருத்துவமனைகள் சொல்ல ஆரம்பித்தன. சின்னத் தொகைதான். மக்கள் கொடுத்தார்கள். 2011இல் அந்த நாட்டில் தைராய்டு புற்று கண்டறியப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப் போல 15 மடங்கு ஆனது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 40,000 பேருக்கு மேல். கொரியாவில் மிக அதிகமாகக் கண்டறியப்படும் புற்றுநோயே அதுதான் என்ற நிலை வந்தது.

உண்மையிலேயே ஒரு கொள்ளைநோய் வந்திருந்தால் சாவு கூடியிருக்க வேண்டும். சீக்கிரம் கண்டுபிடித்து உயிர்களைக் காப்பாற்றியிருந்தால் சாவு குறைந்திருக்க வேண்டும். இரண்டுமே நடக்கவில்லை. சாவு எண்ணிக்கை பல பத்தாண்டுகளாக இருந்த இடத்திலேயே இருந்தது. கண்டறியப்பட்டவர்கள் இறந்தவர்களைப் போல நூறு மடங்குக்கும் மேல். அந்த நூறு மடங்குக்காரர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் கழுத்து திறக்கப்பட்டது, மூன்றில் இரண்டு பேருக்கு முழுத் தைராய்டும் போனது. காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 15,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், 11 சதவீதம் பேருக்கு அக்காவுக்கு நேர்ந்த அதே பாராதைராய்டு பாதிப்பு, 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழப்பு. 2014இல் கொரிய மருத்துவர்கள் எட்டுப் பேர் கூட்டாக, வெளிப்படையாக, இதை நிறுத்துங்கள் என்று எழுதினார்கள். செய்திகளில் அடிபட்டது. அடுத்த ஒரே வருடத்தில் தைராய்டு அறுவைகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. தடுப்பூசியோ புது மருந்தோ வரவில்லை. தேடுவதைக் குறைத்தார்கள், நோய் குறைந்தது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நிறுத்தி மறுபடி படியுங்கள். எந்த உண்மையான நோய் அப்படிக் குறையும்?

ஃபுகுஷிமாவிலும் ஏறக்குறைய இதே கதை. 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு, அந்த மாகாணத்தின் சுமார் மூன்று லட்சம் சிறுவர் சிறுமியரின் கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். முதல் சுற்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்று அல்லது அதன் சந்தேகம். பீதி கிளம்பியது. விபத்துக்குச் சம்பந்தமில்லாத, தள்ளியிருக்கும் மூன்று மாகாணங்களில் அதே கருவியை வைத்துப் பார்த்தபோது அங்கேயும் பிள்ளைகளின் கழுத்தில் கட்டிகள் குறையாமல் இருந்தன. செர்னோபிலில் நடந்தது வேறு. அங்கே கதிரியக்க அயோடின் பால் வழியாகக் குழந்தைகளின் தைராய்டுக்குள் போனது. நோய் நிஜமாகவே கூடியது. இரண்டையும் குழப்பக் கூடாது, குழப்பிப் பேசுவதுதான் வழக்கமாக இருக்கிறது.

"ஆனா தைராய்டு கேன்சர்ல 99 சதவீதம் பேர் பிழைக்கிறாங்களே, சீக்கிரம் கண்டுபிடிக்கிறதாலதானே?" என்று மாமா கேட்டார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் கையேட்டிலும் அந்த எண்தான் இருந்தது. இதைவிட ஏமாற்றும் எண்ணை நான் கண்டதில்லை. ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே இந்த நோயால் இரண்டு பேர் சாவார்கள். ஸ்கேன் இல்லாத காலத்தில், கட்டி கையில் தட்டுப்படும் அளவுக்கு வளர்ந்து மருத்துவரிடம் போகிறவர்கள் பத்துப் பேர். எட்டுப் பேர் பிழைக்கிறார்கள், 80 சதவீதம். ஸ்கேன் வந்து, ஒன்றுமே செய்திருக்காத கடுகுகளையும் சேர்த்து 200 பேருக்குக் கண்டுபிடிக்கிறார்கள். அதே இரண்டு பேர் சாகிறார்கள். இப்போது 99 சதவீதம்! ஒரு உயிர்கூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. 190 பேர் புதிதாக நோயாளி ஆனதுதான் மிச்சம். பிழைத்தவர்கள் பட்டியலில் அவர்களைச் சேர்த்ததால்தான் பட்டியல் அழகாகத் தெரிகிறது.

அந்த இரண்டு பேரையாவது ஸ்கேன் காப்பாற்றாதா? கொல்லும் தைராய்டு புற்று பெரும்பாலும் வேறு சாதி. அனபிளாஸ்டிக் என்ற வகை வந்தால் மாதக்கணக்கில்தான் அவகாசம். வருடம் ஒருமுறை ஸ்கேன் எடுப்பவரையும் அது இரண்டு மார்ச் மாதங்களுக்கு நடுவில் வந்து கொண்டுபோய்விடும். மெதுவாக வளர்வதைத்தான் ஸ்கேன் வலையில் பிடிக்கும். ஆமையைப் பிடித்துவிட்டு, முயலை ஓடவிட்டதாக ஒப்புக்கொள்ளாமல் இருக்கிறோம்.

கண்டுபிடித்துத் தொலைத்துவிட்டோம், இனி என்ன செய்வது என்பதற்கும் பதில் உண்டு. அக்காவுக்கு அந்தப் பதில் சொல்லப்படவில்லை. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை என்று தைராய்டுக்கென்றே ஓர் இடம். அங்கே அகிரா மியாவுச்சி என்ற அறுவை மருத்துவர் 1993இலேயே ஒன்றைத் தொடங்கினார்: ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட பாப்பிலரி புற்று என்று உறுதியானவர்களிடம், வெட்டாமல் கவனித்துக்கொண்டிருக்கலாமா என்று கேட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சரி என்றார்கள். பத்து வருடக் கணக்கில் 8 சதவீதம் பேருக்குத்தான் கட்டி 3 மி.மீ. அளவுக்கு வளர்ந்தது. 4 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு நிணநீர்க் கணுவில் தெரிந்தது. அவர்களுக்கு அப்போது அறுவை செய்தார்கள், நன்றாக இருந்தார்கள். தைராய்டு புற்றால் இறந்தவர் ஒருவரும் இல்லை. அறுவை செய்து பிழைக்கும் ஒரு மருத்துவர், அறுக்காமல் இருந்தால் என்ன என்று முப்பது வருடம் முன்பு கேட்டிருக்கிறார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளைப் பொதுவாக ஊசியால் குத்தவே வேண்டாம் என்றது. அக்காவின் கட்டி 7 மி.மீ. குத்தினார்கள். அப்படியே புற்று என்று வந்தாலும், அந்த அளவுக்கு அறுவை செய்தால் ஒரு பக்க மடலை எடுத்தால் போதும் என்றது. இரண்டையும் எடுத்தார்கள். அந்த வழிகாட்டுதல் அதற்குள் வெளியாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த மருத்துவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் விட்டுவைத்து நாளைக்கு ஏதாவது ஆனால் வழக்கு அவர்மீது வரும். வெட்டி எறிந்து வாழ்நாள் முழுக்கக் கால்சியம் விழுங்க வைத்தால் நன்றிதான் வரும். எங்கள் வீட்டிலிருந்து ஒரு கூடைப் பழமும் போனது. நான்தான் வாங்கிக்கொண்டு போனேன்.

இந்த வியாபாரத்தின் மகா சாமர்த்தியமே அதுதான். தேவையில்லாமல் காரின் எஞ்சினை மாற்றினால் வண்டிக்காரன் சண்டைக்கு வருவான். தேவையில்லாமல் கழுத்தை அறுத்தால் நோயாளி அதன் விளம்பரத் தூதராகிறார். தனக்கு நடந்தது தேவையற்றது என்று அவருக்குத் தெரியவே வழியில்லை. எனக்கும் தெரியாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அக்காவின் 7 மி.மீ. அவளைக் கொன்றிருக்குமா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. கூட்டத்தை வைத்துக் கணக்குச் சொல்லலாம், ஒரு கழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த இருட்டில்தான் பேக்கேஜ் விற்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தைராக்ஸின் மாத்திரையை நிறுத்தப் போகிறவர்கள் இருந்தால், தயவுசெய்து வேண்டாம். தைராய்டு குறைவாகச் சுரப்பது உண்மையான நோய், அந்த மாத்திரை உண்மையான மருந்து. கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் சரியாகும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. கழுத்தில் கட்டி கண்ணுக்குத் தெரிந்தால், குரல் கம்மிப்போய்த் திரும்பாவிட்டால், விழுங்கச் சிரமமாக இருந்தால், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்திருந்தால், மெடுல்லரி என்ற வகை குடும்பத்தில் வந்திருந்தால், மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது ஒன்றுமில்லாதவர்களைப் படுக்கவைத்துத் தேடுவதை.

தைராய்டு விஷயத்தில் ஊரையே தேடுவதும் ஊருக்கே கொடுப்பதும் எப்போது சரி என்று நமக்குத் தெரியாமலும் இல்லை. 1956இல் ராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் வேலையைத் தொடங்கினார்கள். முன்கழுத்துக் கழலை அங்கே வீட்டுக்கு வீடு. பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்து, சிலவற்றுக்கு அயோடின் சேர்த்த உப்பும் மற்றதற்குச் சாதாரண உப்பும் கொடுத்தார்கள். சில வருடங்களில் அயோடின் போன இடங்களில் கழலை மடமடவென்று குறைந்தது. யாருடைய கழுத்தையும் அறுக்கவில்லை. இன்று நம் சமையலறை டப்பாவில் இருக்கும் உப்பு அந்த வேலையின் வாரிசு.

இன்னொன்று, பச்சைக் குழந்தையின் குதிகால். இந்தியாவில் சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று, தைராய்டு சரியாக வேலை செய்யாமல் பிறக்கிறது. பார்த்தால் தெரியாது. நன்றாகத் தூங்குகிறது, அழுவதே இல்லை, சமர்த்துப் பிள்ளை என்று பாட்டிகள் மெச்சுவார்கள். மூளை வளர்வதற்குத் தேவையான ஹார்மோன் இல்லாமல் நாட்கள் போய்க்கொண்டிருக்கும். தெரியவரும்போது போனது திரும்பாது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு குத்து, தாளில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான் சோதனை. முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கலந்து கொடுக்கத் தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும். 1970களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் தொடங்கியது இது. பணக்கார நாடுகளில் எல்லாக் குழந்தைக்கும் செய்கிறார்கள். கேரளத்தில் அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். இந்தியா முழுமைக்குமான கட்டாயமாக இன்னும் ஆகவில்லை.

ஆக, பார்த்தே ஆகவேண்டிய குதிகாலைப் பார்க்க எல்லோருக்கும் வழியில்லை. பார்க்கக்கூடாத கழுத்தைப் பார்க்க மார்ச் 31 வரை சலுகை. ஒரு சொட்டு ரத்தத்தில் லாபம் குறைவு. ஒரு ஸ்கேனில், ஊசியில், அறுவையில், வாழ்நாள் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் லாபம் அதிகம். வேறு விளக்கம் இருப்பவர்கள் சொல்லட்டும்.

அமெரிக்காவின் தடுப்புச் சேவைகளுக்கான நிபுணர் குழு 2017இல், அறிகுறி இல்லாத பெரியவர்களுக்குத் தைராய்டு புற்றைத் தேடாதீர்கள், நன்மையைவிடத் தீமை அதிகம் என்று எழுதியது. இதைத்தான் அக்காவுக்கு அனுப்பினேன். கல்லூரியில் படிக்கிற மருமகள் அதை முழுவதும் படித்துவிட்டு, நான் அவசரத்தில் தாண்டிப்போன வரியைப் பிடித்தாள்: பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ தைராய்டு புற்று வந்திருந்தால் அவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது. "மாமா, அம்மாவுக்குத்தான் வந்துச்சே. அப்ப நான் ஹை ரிஸ்க்தானே?"

பதில் சொல்லத் திணறிவிட்டேன். அவள் படித்தது சரி. அக்காவுக்கு அந்த ஸ்கேன் எடுக்காமலிருந்தால் இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தைராய்டு புற்று வந்ததாகவே இருந்திருக்காது. இந்தப் பெண்ணும் சாதாரணப் பெண்ணாக இருந்திருப்பாள். ஒரு கழுத்தில் தேடிக் கண்டெடுத்த கடுகு, அடுத்த கழுத்தில் தேடுவதற்குக் காரணமாகிறது. அவளுக்கும் ஒன்று கிடைத்தால் "பரம்பரை" என்று எழுதுவார்கள், அப்புறம் அவள் தம்பி. இதைச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். பின்னாலிருந்து அக்கா போனை வாங்கினாள்.

"உனக்கென்னடா, கணக்கு. என் புள்ளைடா."

அவளிடம் கணக்கு இல்லாமல் பேச என்னிடம் ஒன்றுமில்லை. எங்கள் அலுவலகத்தில் மனிதவளத் துறைக்கு, கழுத்து ஸ்கேனைப் பேக்கேஜிலிருந்து எடுத்துவிடச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். ஊழியர்கள் விரும்பிக் கேட்கும் வசதி அது, எடுக்க முடியாது என்று பதில் வந்தது. என் பேக்கேஜை அக்காவுக்குக் கொடுக்கவில்லை. அது தேவையும் படவில்லை. மாமா பணம் கட்டி அவரே புக் செய்துவிட்டார். இந்தச் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, மருமகளை வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்களாம்.